வந்தோர்: ஒருவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, இமாம் அவர்களே, எனக்கு முன் பேசிய பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் வெல்டர் ஐயாவின் மகளே, பூட்டுக்கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற நம் பழைய பள்ளிவாசலின் முற்றத்தில் கூடியிருக்கும் அனைவருக்கும் அமைதி உண்டாகட்டும்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போதாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன் நான்கு பேர் பேசினீர்கள். நால்வரும் வெல்டர் ஐயா மிக அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர் என்றீர்கள். பேச ஆள் இல்லாதவர் அமைதியாகத்தானே இருப்பார்! பன்னிரண்டு ஆண்டுகளாக அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். நானும் தூக்க முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் கட்டடப் பொறியாளர். மூன்று மாதங்களுக்கு முன் இந்த நிர்வாகக் குழு என்னை அழைத்தது. பள்ளிவாசலின் முன்சுவர், அதாவது தொழும் திசையைக் காட்டும் மாடம் இருக்கிற அந்தப் பழைய கற்சுவர், சரியான திசையில் இருக்கிறதா என்று அளந்து சொல்லச் சொன்னது. அளந்தேன். ஒன்பது பாகை கோணலாக இருக்கிறது, இடித்துவிட்டுத் திசை திருத்திக் கட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வருகிற திங்கட்கிழமை இடிக்க ஆள் வருகிறார்கள். அதைப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் இது எதற்கு என்று தலைவர் முகம் கேட்கிறது. இது இல்லாமல் அவருக்கு இரங்கல் கிடையாது, தலைவரே.

யார் இந்த வெல்டர் ஐயா? இரண்டு தெரு தள்ளி, கதவும் கிராதியும் செய்கிற பட்டறை வைத்திருந்தவர். அது உங்களுக்குத் தெரியும். இந்தப் பள்ளிவாசலின் வரலாற்றுக் குழுவுக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம் அவரே. அது தெரியுமா? அப்படி ஒரு குழு இருந்ததே எத்தனை பேருக்குத் தெரியும்?

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஐந்து பேரைக் கொண்டு அந்தக் குழு அமைக்கப்பட்டது. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு நால்வர் வரவில்லை. அவர் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மினாராவின் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன அறையில், கூட்டம் நடத்தினார். ஐந்து நாற்காலிகளையும் துடைத்து வைப்பார். கால் மணி நேரம் காத்திருப்பார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து எழுதுவார். அந்தக் குறிப்பேடு இதோ. மகள் என்னிடம் கொடுத்தார். நான்காவது கூட்டத்தின் குறிப்பைப் படிக்கிறேன்:

"வந்தோர்: ஒருவர். வராதோர்: நால்வர். முன்சுவரின் கல் வரிசைகள் எண்ணப்பட்டன. பதினேழு. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஐம்பதாவது கூட்டம் வரை சிரித்துக்கொண்டே படித்தேன். வந்தோர்: ஒருவர். வந்தோர்: ஒருவர். வந்தோர்: ஒருவர். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஒருவர் எழுதி வைத்த வரலாற்றைக் கேளுங்கள். முதலில் இங்கே இருந்தது இருபது பேர் நிற்கிற ஒரே ஒரு கல் அறை. கயிறும் பாய்த்துணியும் விற்க வந்த வணிகர்கள் கட்டியது. எட்டுத் தூண்கள், எட்டும் எட்டு உயரம். வெவ்வேறு இடிபாடுகளிலிருந்து பொறுக்கி வந்தவை, குட்டையானவற்றுக்கு அடியில் கல் கொடுத்து நிமிர்த்தியிருக்கிறார்கள். பின்னால் துணி வியாபாரிகள் பக்கக் கூடத்தைச் சேர்த்தார்கள். ஒரு தீ விபத்தில் மரக் கூரை முழுக்கப் போயிற்று. மினாரா ஒருமுறை சாய்ந்து, மேல் இரண்டு அடுக்கைக் கழற்றிக் குட்டையாக்கினார்கள். தெருவை அகலப்படுத்தியபோது தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற குளம் போயிற்று, இந்தத் தண்ணீர்த் தொட்டி வந்தது. எல்லாம் மாறியது. கூரை மாறியது, தரை மாறியது, கதவு மாறியது. மாறாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். அந்த முன்சுவர். திங்கட்கிழமை நாம் இடிக்கப்போகிற சுவர்!

இனி கோணலுக்கு வருகிறேன்.

முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன், கழிவுநீர்க் குழாய் உடைந்து தொழுகைக் கூடத்தின் தரை இறங்கியது. அவசர வேலை. தரைக்கு அடியில் பழைய தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கே போட்டுப் பற்றவைத்து, மேலே கல் பாவினார்கள். மறு ஆண்டு புது விரிப்பு வாங்கினார்கள். விரிப்பில் வரிசைக் கோடு போட வேண்டும். அப்போதைய நிர்வாகத்தில் யாரோ, "சுவரைப் பார்த்து ஏன் போடணும், திசைகாட்டி வச்சுச் சரியா போடுவோம்" என்றார். கூடத்தின் நடுவில் திசைகாட்டியை வைத்தார்கள். அது காட்டிய தொழும் திசை சுவரோடு ஒத்துப்போகவில்லை. ஒன்பது பாகை. சுவர் கட்டினவன் அந்தக் காலத்து ஆள், அவனுக்கு என்ன தெரியும் என்று முடிவு கட்டினார்கள். அன்றிலிருந்து நம் வரிசைகள் சுவருக்கு ஒன்பது பாகை திரும்பி நிற்கின்றன.

முள் ஏன் திரும்பியது? காலடியில் இரும்பு இருந்தது!

அதைக் கண்டுபிடித்தவர் வெல்டர் ஐயா. எப்படித் தெரியுமா? அந்தத் தண்டவாளங்களைப் பற்றவைத்தவரே அவர்தான். அப்போது இருபத்தைந்து வயது. வேலையை முடித்துவிட்டு மறந்துபோனார். பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கோணல் கோட்டில் நம்மோடு நின்று தொழுதார். ஒருநாள் பட்டறையில் ஒரு தண்டவாளத் துண்டை நகர்த்தும்போது, பக்கத்தில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார். அதில் சின்னதாக ஒரு திசைகாட்டி பதித்திருந்தது. முள் திரும்பியது. துண்டைத் தள்ளி வைத்தார், முள் பழைய இடத்துக்குப் போனது. மறுபடி கொண்டுவந்தார், மறுபடி திரும்பியது. முகக் கவசத்தைக் கழற்றக்கூட மறந்து, அப்படியே நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இங்கே நடந்து வந்தாராம்.

வந்து என்ன சொன்னார்? "சுவர் சரியாத்தான் இருக்கு. கோடுதான் கோணல். அதுக்குக் காரணம் நான்" என்றார். தன் தவறைத் தானே வந்து சொன்னவரை நாம் என்ன செய்தோம்?

"இரும்பா? எந்த இரும்பு? வரைபடம் இருக்கா?" என்றார்கள். வரைபடம் இல்லை. ஒப்பந்தக்காரர் உயிரோடு இல்லை. தரையை ஓர் அடி பெயர்த்துப் பாருங்கள் என்றார், விடவில்லை. தையல்காரர் ஒருவர் எழுந்து, "அப்போ எங்க வாப்பா இத்தனை வருஷம் தொழுதது வீணா?" என்று கேட்டாராம். அவர் மேல் குற்றமில்லை. அடிபட்டவர் கேட்கிற கேள்வி அது. இமாம் அவர்கள் அன்றே எழுந்து, இந்த அளவு விலகலால் தொழுகைக்கு ஒரு குறையும் இல்லை என்று விளக்கினார். வெல்டர் ஐயாவும் அதையேதான் சொன்னார். காதில் வாங்க ஆள் இல்லை. அன்றைக்கே அவருக்குப் பெயர் வைத்தாயிற்று. கோணல்!

"கோணல் வர்றாரு, எல்லாரும் நேரா நில்லுங்கப்பா!"

எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்? நான் வேலைக்கு வந்த முதல் நாளே தேநீர்க் கடையில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் நானே சொன்னேன்.

சுவரை இடிக்கக் கூடாது என்று அவர் எனக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றையும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிறகு தலைவர் என்னை அழைத்து, "தம்பி, அந்த மனுஷன் தொல்லை தாங்கல. உங்களையும் வரலாற்றுக் குழுவில போட்டுடறேன். ரெண்டு கூட்டம் உக்காந்து பேசி ஆளை அடக்குங்க" என்றார். அப்படித்தான் நான் அந்தக் குழுவின் இரண்டாவது உறுப்பினர் ஆனேன். அடக்கப் போன ஆள் நான். இதுதான் அவரோடு எனக்கு இருந்த தொடர்பு. வேறு எதையும் உரிமை கொண்டாட எனக்குத் தகுதி இல்லை.

முதல் கூட்டம். உள்ளே போகிறேன். ஐந்து நாற்காலி, துடைத்து வைத்திருக்கிறார். எழுந்து நின்றார். என்னைவிட இருமடங்கு வயது, எனக்கு எழுந்து நிற்கிறார்.

"உக்காருங்க தம்பி. எந்த நாற்காலி வேணும்னாலும் எடுத்துக்குங்க. எல்லாம் காலிதான்."

"எனக்கு நேரமில்ல ஐயா. தரைக்கு அடியில இரும்பு இருக்குன்னு சொல்றீங்க. ஆதாரம்?"

"போட்டவன் நான்தான்."

"அது ஆதாரம் ஆகாது."

கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் பழைய தீப்பொறித் தழும்பு. "இது அங்க வாங்கினது."

"தழும்பு எங்க வேணும்னாலும் வாங்கலாம் ஐயா."

"வாங்கலாம்தான்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். அவரும் விடவில்லை. கிளம்பும்போது அவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிப் புகார் எழுதுகிறார் என்று நினைத்தேன். என்ன எழுதினார் என்று இப்போது படிக்கிறேன்:

"கூட்டம் நூற்று முப்பத்து மூன்று. வந்தோர்: இருவர். கருத்து வேறுபாடு ஏற்பட்டது. மகிழ்ச்சி."

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒருமனதாகத் தீர்மானம் போட்டே சலித்துப்போன ஒரு மனிதர்! தன்னை மறுத்துப் பேச ஒருவன் வந்ததற்கு மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறார்!

இரண்டாவது கூட்டத்தில் என்னை இந்த முற்றத்துக்கு அழைத்து வந்தார். எல்லோரும் கொஞ்சம் கீழே பாருங்கள். தொட்டிக்கு இந்தப் பக்கம், தரைக் கல்லில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக்கோடு ஓடுகிறதா? பூட்டுக்கடைக்காரரே, உங்கள் நாற்காலியின் முன்கால் அதன் மேல்தான் இருக்கிறது. அதன் ஒரு முனையில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

"இது என்னன்னு நினைக்கிறீங்க?" என்றார்.

"வாய்க்கால். மழைத்தண்ணி போறதுக்கு."

"துளையில ஒரு கம்பி நட்டா நிழல் எங்க விழும்?"

அப்போதுதான் விளக்கினார். ஆண்டுக்கு இரண்டு நாள், குறிப்பிட்ட ஒரு நிமிடத்தில், சூரியன் மக்காவுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நிமிடத்தில் உலகில் எங்கே வெயில் அடித்தாலும், நேராக நட்ட கம்பியின் நிழல் விழுகிற கோடும் தொழும் திசையும் ஒன்றே. இது நம்பிக்கை அல்ல, கணக்கு. இந்தச் சுவரைக் கட்டியவர்கள் அந்த நிழலைப் பிடித்துக் கல்லில் வெட்டி, அதற்குச் செங்குத்தாகச் சுவரை எழுப்பினார்கள் என்பது அவர் வாதம்.

நான் நம்பவில்லை. "அது வெறும் வாய்க்கால் ஐயா" என்றேன். "அப்படின்னா தண்ணி ஊத்திப் பாருங்க" என்றார். எனக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. பாதியில் எழுந்தேன். எழுந்தவன், போகிற போக்கில் ஒன்று கேட்டேன். குத்திக் காட்டத்தான் கேட்டேன்.

"சுவர்தான் சரின்னா, நீங்க மட்டும் ஏன் கோணல் கோட்டுல நின்னு தொழுறீங்க? தனியா நேரா நிக்க வேண்டியதுதானே?"

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நான் ஒருத்தன் திரும்பினா வரிசை உடைஞ்சிரும் தம்பி. தப்புன்னு நான் சொன்னது கோட்டைத்தான். உங்களை இல்ல."

தெரிந்தே நின்றார்! பன்னிரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு நாளும், கோடு தவறு என்று இந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டு, நம் வரிசை உடையாமல் இருக்க, நம்மோடு சேர்ந்து கோணலாக நின்றார். அவரை நாம் கோணல் என்றோம்.

எங்கே நின்றார் என்று நினைவிருக்கிறதா? கடைசி வரிசை, குட்டையான அந்த எட்டாவது தூணை ஒட்டி. ஒரு பக்கம் தூண், மறுபக்கம் இடைவெளி. "இடைவெளி விடாதீர்கள்" என்று இமாம் அவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்வார். எல்லா இடைவெளியும் மூடும், அந்த ஒன்றைத் தவிர.

அந்தக் கூட்டம் முடிந்த நான்காம் நாள், பட்டறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மடியில் முகக் கவசம். தூங்குகிறார் என்று நினைத்து மகள் மின்விசிறியைக் கூட்டி வைத்தாராம்.

செய்தி கேட்ட மறுநாள், முதன்முறையாக யாரும் கூப்பிடாமல் நான் இங்கே வந்தேன். ஒரு குவளை தண்ணீரை அந்தப் பள்ளத்தில், தெருப்பக்க முனையில் ஊற்றினேன். வாய்க்கால் என்றால் தண்ணீர் வடிகாலைப் பார்த்துப் போக வேண்டும். போகவில்லை. சுவர்ப் பக்கம் ஓடி, துளைக்குள் தேங்கியது. ரசமட்டம் வைத்தேன். வாட்டம் உள்நோக்கி இருக்கிறது. மழைத்தண்ணீரைக் கட்டடத்துக்குள் கொண்டுவர எந்தக் கொத்தனாராவது வாய்க்கால் வெட்டுவானா? எனக்குப் பட்டம் கொடுத்தவர்கள் இதைக் கேட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்த நாள் சுவருக்குள் கம்பி தேடுகிற கருவியைக் கொண்டுவந்து கூடத்தின் தரையில் நகர்த்தினேன். ஒலித்தது. சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். ஒன்பது தண்டவாளங்கள். அவர் சொன்ன எண்ணிக்கை, அவர் சொன்ன இடைவெளி. திசைகாட்டியை நடுவில் வைத்தால் ஒன்பது பாகை விலகுகிறது. தூண் பக்கம் போனால் ஐந்து. முற்றத்துக்கு வந்து, காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தேன். முள்ளை வைத்துக் கணக்கிட்ட தொழும் திசை பள்ளக்கோட்டோடு ஒட்டி நின்றது. நூல் பிடித்துப் பார்த்தேன். கோடும் சுவரும் செங்குத்து. அரை விரல்கூட விலகவில்லை.

முப்பது அடி நடந்து வெளியே வந்திருந்தால் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும்! வானிலிருந்து எடுத்த படத்தில் பார்த்திருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். தெருவுக்கு இணையாகப் போட்ட தகரக் கூரை சுவரை மூடியிருக்கிறது, தெரியாது. ஆனால் அது சாக்கு. உண்மை என்னவென்றால், முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் நின்ற அதே இடத்தில் நானும் நின்றேன். என் அளவு விரிப்புக் கோட்டோடு பொருந்தியது. இரண்டு பேர் சொல்வது ஒன்றாக இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். மூன்றாவதாக ஒருவர் சொன்னார். அவர் தனி ஆள் என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

பட்டறையில் வேலையாக இருந்த அவருடைய மகளிடம் போய், "உங்க வாப்பாகிட்ட நான் மரியாதையில்லாம பேசியிருக்கேன்" என்றேன். அவர் பற்றவைப்பதை நிறுத்தவில்லை. "வீட்டுக்கு வந்து உங்களைப் பத்தியேதான் பேசினாங்க. சண்டை போட ஒரு ஆள் கிடைச்சிட்டான்னு ரெண்டு நாளும் நல்லா சாப்பிட்டாங்க" என்றார். பிறகுதான் கவசத்தைத் தூக்கிவிட்டு, இந்தக் குறிப்பேட்டைக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"கூட்டம் நூற்று முப்பத்து நான்கு. வந்தோர்: இருவர். பொறியாளர் பாதியில் எழுந்து போனார். தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஊற்றுவார். கோபக்காரர்."

அந்தக் குறிப்பேட்டில் இன்னொரு வகைப் பக்கமும் இருக்கிறது. நிழல் நாட்கள். பதினோரு ஆண்டுகளில் இருபத்திரண்டு முறை இந்த முற்றத்தில் அவர் கம்பி நட்டிருக்கிறார். நான்கு முறை மேகம். பதினெட்டு முறை ஒரே வாசகம்: "நிழல் பார்க்கப்பட்டது. சுவர் சரி. சாட்சி: இல்லை." நீங்கள் எல்லோரும் இதே தெருவில், கூப்பிடு தூரத்தில், கடை நடத்திக்கொண்டிருந்தீர்கள்.

தலைவர் அவர்களே! இமாம் அவர்களே! பெரியோர்களே! அழுவதற்கு எனக்குத் தெரியாது. திருத்துவதற்குத் தெரியும். முன்சுவர் கோணல் என்று நான் கையெழுத்திட்டுக் கொடுத்த அறிக்கை தவறு. அதை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். எழுதியும் கொண்டுவந்திருக்கிறேன், இதோ தலைவர் முன் வைக்கிறேன். திங்கட்கிழமை வேலையை நிறுத்துங்கள். என் சொல்லை நம்பி நிறுத்த வேண்டாம். ஒருமுறை என்னை நம்பித்தான் சுவரை இழக்க இருந்தீர்கள். இன்றிலிருந்து பதினோராம் நாள் நிழல் நாள். அதுவரை பொறுங்கள். வந்து பாருங்கள். நிழல் கோட்டில் விழாவிட்டால் நானே முதல் கல்லைப் பெயர்க்கிறேன்.

விழுந்தால்? விரிப்பை எப்போது திருப்புவது, எப்படித் திருப்புவது என்பதை இமாம் அவர்களும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள். நாள் ஆகட்டும். நீங்கள் எல்லோரும் சேர்ந்து திரும்பும் வரை நானும் அந்தக் கோணல் கோட்டிலேயே நிற்பேன். எட்டாவது தூண் பக்கத்தில். வரிசையை உடைக்காமல் உண்மையைச் சொல்ல முடியும் என்பதை அவரிடம் பார்த்துவிட்டேன். அது எவ்வளவு தனிமையான வேலை என்பதையும் பார்த்துவிட்டேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அதனால் சீக்கிரம் முடிவெடுங்கள்.

வரலாற்றுக் குழு கலையாது. போன சனிக்கிழமை நான்கு மணிக்கு அந்த அறைக்குப் போனேன். ஐந்து நாற்காலிகளையும் துடைத்தேன். கால் மணி நேரம் காத்திருந்தேன். குறிப்பேட்டைத் திறந்து, கூட்டம் நூற்று முப்பத்து ஐந்து, வந்தோர் என்று எழுதினேன். அடுத்த சொல்லை எழுதக் கை வரவில்லை. அதனால் அந்தக் கூட்டத்தை நிழல் நாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், இதே முற்றத்தில், அவர் கம்பி நட்ட இதே துளைக்குப் பக்கத்தில்.

வந்தோர் என்பதற்குப் பக்கத்தில் இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. பதினோராம் நாள் உங்களை எண்ணிவிட்டு எழுதுகிறேன்.